கோழிக் குஞ்சுக்கு ஆன்லைன் ஆர்டர்

புத்தகம், செல்போன் வாங்குவது போல உயிருள்ள கோழிக் குஞ்சையும் இணைய தளத்தில் ஆர்டர் செய்ய முடியுமா? அமெரிக்காவில் முடியும். அங்கே 1918 முதலே தபாலில் குஞ்சு அனுப்புகிறார்கள். ஆர்டர் மட்டும்தான் கடிதத்திலிருந்து இணையத்திற்கு மாறியிருக்கிறது.

வழியில் தீனி, தண்ணீர் இல்லாமல் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? முட்டையை விட்டு வெளியே வருவதற்குச் சற்று முன் அது மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக் கொள்கிறது. பயணத்தில் அதுதான் சாப்பாடு. ஆகவே பொரித்த 24 மணி நேரத்திற்குள் அனுப்பி, 72 மணி நேரத்திற்குள் சேர்க்க வேண்டும் என்பது அந்நாட்டுத் தபால் துறையின் விதி.

இதனால்தான் இந்தத் தளங்களில் இனத்தோடு தேதியையும் தேர்வு செய்யச் சொல்கிறார்கள். முட்டை பொரிய 21 நாள் ஆகும். எந்த சாஃப்ட்வேராலும் அதைக் குறைக்க முடியாது! ஒன்றிரண்டு குஞ்சு கேட்டால் பல தளங்கள் ஏற்பதில்லை. கூட்டமாக இருந்தால்தான் பெட்டிக்குள் கதகதப்பு இருக்கும்.

ஆர்டர் படிவத்தில் தொலைபேசி எண்ணைச் சரியாகக் கொடுப்பது மிக முக்கியம். பெட்டி வந்ததும் தபால் நிலையத்தார் அந்த எண்ணில்தான் கூப்பிடுவார்கள். தாமதம் ஆபத்து. 2020 ஆகஸ்டில் தபால் தாமதத்தால் மெய்ன் மாநிலத்திற்கு ஆயிரக்கணக்கான குஞ்சுகள் இறந்த நிலையில் வந்து சேர்ந்தன.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் நனைத்துக் குடிக்கப் பழக்குவது. தீனி அப்புறம்தான்.