பனங்கிழங்கை அவித்து மட்டும்தான் சாப்பிடுறீங்களா? புதுக்கோட்டைக்குக் கடல் கடந்து வந்த ஒடியல் கூழ்!

பொங்கல் நெருங்கினால் புதுக்கோட்டை மாவட்டச் சந்தைகளில் கரும்புக்கட்டு, மஞ்சள்கொத்துக்குப் பக்கத்தில் பனங்கிழங்குக் கட்டுகளும் வந்து உட்கார்ந்துவிடும். வாங்கி வந்து உப்பும் மஞ்சளும் போட்டு அவிப்போம். தோலை உரித்து, நாரைக் கிழித்து, நடுவில் இருக்கும் பீலியை யார் தின்பது என்று பிள்ளைகள் சண்டை போடுவதோடு கிழங்குக் கதை முடிந்துவிடும்.

பாக் நீரிணையின் அக்கரையில், யாழ்ப்பாணத்தில், இதே கிழங்குக்கு இன்னொரு கதை இருக்கிறது. அங்கே அதை வெயிலில் காயவைத்து, மாவாக்கி, மீனும் நண்டும் இறாலும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் சேர்த்துப் பெரிய பானையில் கொதிக்கவிடுவார்கள். அதுதான் ஒடியல் கூழ். இப்போதைய பாஷையில் சொன்னால் 'சீஃபுட் சூப்'. ஆனால், ஒரு கிண்ணம் குடித்தால் அடுத்த வேளைச் சாப்பாடு தேவைப்படாத சூப்!

முகாமுக்கு வந்த ருசி

1983-ல் இலங்கையில் இனக்கலவரம் வெடித்த பிறகு, பல கட்டங்களாகத் தமிழ்க் குடும்பங்கள் படகேறி தமிழகம் வந்தன. புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு போன்ற இடங்களில் அவர்களுக்கான முகாம்கள் அமைந்தன. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

படகில் வந்தவர்கள் பாத்திர பண்டங்களைக் கொண்டுவர முடியவில்லை. சமையல் பக்குவத்தை மட்டும் மனதில் கொண்டுவந்தார்கள். இன்று முகாம்களில் இருக்கும் இளைஞர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டிலேயே பிறந்தவர்கள். இங்கேயே படித்தவர்கள், இந்தியக் குடியுரிமைக்காக இன்னும் காத்திருப்பவர்கள். அவர்களில் பலருக்கு யாழ்ப்பாணம் என்பது அம்மாச்சி சொன்ன கதையும் கையில் தந்த ருசியும்தான். அந்த ருசியின் பக்குவம் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

கனடாவின் ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் ஒடியல் மா பாக்கெட்டில் கிடைக்கிறது. பனை மரத்தடியிலேயே வாழும் நம் ஊர் மளிகைக்கடைகள் சிலவற்றில் நான் கேட்டபோது, "அப்படின்னா என்ன?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள்.

கிழங்கா, வேரா?

பனங்கிழங்கு உண்மையில் வேர் இல்லை. பனம்பழம் தின்ற பிறகு மிஞ்சும் கொட்டைகளை மண்ணில் பாத்தி கட்டிப் புதைப்பார்கள். மழைக்காலத்தில் முளைவிட்டு, மூன்று நான்கு மாதங்களில் மண்ணுக்குள் நீளமாக இறங்கும் முளைதான் கிழங்கு. வரப்போகும் மரத்துக்காக விதை சேர்த்துவைக்கும் மாவுச்சத்து அது.

யாழ்ப்பாணத்தில் அதைப் பச்சையாகத் தோலுரித்து, இரண்டாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பெயரிலேயே 'ஒடி' இருக்கிறது. வளைத்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும், அதுதான் காய்ந்ததற்கு அடையாளம். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம். ஒடியலை அப்படிச் சாப்பிடக் கூடாது. மாவாக்கிக் கூழோ பிட்டோ செய்வார்கள். பனைப் பொருள்களுக்கென்றே இலங்கையில் 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இயங்குகிறது என்றால், அங்கே பனைக்கு உள்ள இடம் புரியும்.

நம் மாவட்டத்திலேயே எல்லாம் இருக்கு!

கூழுக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பலாக்கொட்டைக்கு வடகாடு, கீரமங்கலம் பக்கம் போதும். மீன், நண்டு, இறாலுக்கு கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி இருக்கின்றன. பயத்தங்காய் என்று அவர்கள் சொல்வது நம்ம காராமணிக்காய். மரவள்ளியும் முருங்கைக்கீரையும் எந்த வாரச்சந்தையிலும் கிடைக்கும்.

பருவம்தான் இடிக்கும். பனங்கிழங்கு தையில் வரும். பலா பங்குனிக்குப் பிறகுதான் பழுக்கும். ஒடியல் அந்த இடைவெளியைப் பாலம் போட்டு இணைக்கிறது. தை, மாசி வெயிலில் காய்ந்த கிழங்கு, பலாக்கொட்டை வரும்வரை டப்பாவில் காத்திருக்கும்.

நம் கரையில் பிடிபடும் மீனும் அவர்கள் கரையில் பிடிபடும் மீனும் ஒரே கடலில் வளர்ந்தவை. அந்தக் கடலில் எல்லை தாண்டியதாகக் கைதாகும் மீனவர்கள் பற்றிய செய்திகளில் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. இரு கரைக்கும் மீன் ஒன்றுதான், சோகமும் ஒன்றுதான்.

கவனம்: இரண்டு கிழங்கு, இரண்டு எச்சரிக்கை

*மரவள்ளி:* தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தணித்தது இதுதான். ஆனால் இதில் சயனைடை உண்டாக்கும் இயற்கை வேதிப்பொருள் இருக்கிறது. கசப்பு வகைகளில் அதிகம். பச்சையாகச் சாப்பிடவே கூடாது. தோலைத் தடிமனாகச் சீவி, சின்னத் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் சாப்பிடாதீர்கள்.

*ஒடியல் மா:* இதிலும் ஒரு கசப்பு உண்டு. மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்துக் கொட்டி, மறுபடியும் தண்ணீர் ஊற்றி இறுப்பது அதற்காகத்தான். முதல்முறை வீட்டில் செய்தபோது அவசரத்தில் ஒரே ஒரு தடவை மட்டும் இறுத்தேன். நண்டு, இறால் எல்லாம் போட்ட கூழ், கசப்பால் யார் தொண்டையிலும் இறங்கவில்லை. அடுத்த முறை மூன்று தடவை இறுத்தேன், பானை காலி!

ஒடியல் கூழ் (6 பேருக்கு)

தேவையானவை: ஒடியல் மா - 200 கிராம், அரிசி - ஒரு கைப்பிடி, பலாக்கொட்டை - 15, மரவள்ளி - கால் கிலோ, காராமணிக்காய் - 100 கிராம், முள் குறைந்த மீன் - அரை கிலோ, நண்டு - 3, இறால் - கால் கிலோ, காய்ந்த மிளகாய் - 10, பூண்டு - 6 பல், புளி - எலுமிச்சை அளவு, முருங்கைக்கீரை - ஒரு கப், உப்பு - தேவைக்கு.

செய்முறை:

1. ஒடியல் மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, தெளிந்த நீரை இறுக்கவும். புதுத் தண்ணீர் ஊற்றி, மாவு அடியில் படிந்ததும் இறுக்கவும். மொத்தம் மூன்று முறை.

2. பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை நீக்கி இரண்டாக வெட்டவும். மரவள்ளியை மேலே சொன்னபடி தனியாக வேகவைத்து வடிக்கவும்.

3. பெரிய பானையில் மூன்று லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை போடவும். பாதி வெந்ததும் காராமணி, மரவள்ளி, உப்பு சேர்க்கவும்.

4. காய்கள் வெந்ததும் நண்டைப் போடவும். ஐந்து நிமிடம் கழித்து மீன், இறால்.

5. மிளகாயையும் பூண்டையும் அரைத்து, புளிக்கரைசலில் கலந்து, அதிலேயே ஒடியல் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றவும்.

6. தீயைக் குறைத்து, அடிபிடிக்காமல் கிளறியபடி 20 நிமிடமாவது கொதிக்கவிடவும். மாவு நன்றாக வேக வேண்டும். கூழ் தெறிக்கும், நீளக்காம்புக் கரண்டி நல்லது.

7. கடைசியில் முருங்கைக்கீரை சேர்த்து இறக்கவும்.

பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்தி, அதில் சூடாக ஊற்றிக் குடிப்பது வழக்கம். சைவம் என்றால் கடல் உணவை விட்டுவிட்டு காய்களை இரட்டிப்பாக்குங்கள். நண்டு, இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அதுவே வழி.

மா கிடைக்கவில்லையா? பச்சைக் கிழங்கைத் தோலுரித்து, பிளந்து, பீலியையும் நாரையும் எடுத்துவிட்டு, ஒடியும்வரை நல்ல வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துச் சலிக்கலாம்.

கிழங்குக்கு மரம் வேணுமே!

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்தபோது, இந்த மாவட்டத்தில் தென்னையும் பலாவும் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. அதே காற்றில் பனைகள் பெரும்பாலும் நிமிர்ந்து நின்றன. அப்படிப்பட்ட மரத்தை செங்கல் சூளைக்கு விறகாக்கினோம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவிக்க வேண்டியிருந்தது.

ஒரு பனை காய்க்க பதினைந்து வருஷமாவது ஆகும். இன்று விதைப்பவர் அதன் கிழங்கைத் தின்னக் காத்திருக்க வேண்டும். ஒடியல் கூழின் பக்குவமோ அவ்வளவு காலம் காத்திருக்காது. தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பக்கத்தில் முகாம் இருந்தால், அங்கே தெரிந்த அம்மாக்கள் இருந்தால், இந்தத் தையில் இரண்டு கட்டுப் பனங்கிழங்கோடு போய்ப் பாருங்கள். "கூழ் எப்படிக் காய்ச்சுறது, சொல்லிக்கொடுங்க அம்மா" என்று கேளுங்கள். நான் மேலே எழுதிய அளவுகளில் அவர்கள் எதையாவது மாற்றினால், அவர்கள் சொல்வதையே கேளுங்கள்!