அறுத்துவிட்டால் ஹலாலாகிவிடுமா?

நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் போன்ற சிற்றூர்களில் கறவைப் பசு என்பது வெறும் கால்நடையன்று. ஏழைக் குடும்பத்தின் சேமிப்பே அதுதான். அத்தகைய பசு திடீரென நடுங்கி விழுந்து உயிருக்குப் போராடும்போது, "செத்துவிட்டால் ஹராம், அதற்கு முன் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டால் ஹலால்தானே? இறைச்சியின் விலையாவது மிஞ்சுமே!" என்னும் எண்ணம் எழுவது இயல்பே. ஆயின், அது எத்துணை ஆபத்தானது என்பதைச் சற்றே சிந்திப்போமாக.

கால்நடைகளைத் திடீரெனக் கொல்லும் நோய்களுள் கொடியது அடைப்பான். இறந்த மாட்டின் வயிறு விரைந்து உப்பும். மூக்கு, ஆசனவாய் வழியே உறையாத கருங்குருதி வடியும். உடலைக் கீறினால் காற்றுப்பட்ட கிருமிகள் வித்துகளாக மாறி, மண்ணில் பல்லாண்டுகள் உயிர்த்திருக்கும். ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் 1942ஆம் ஆண்டு இக்கிருமியைக் கொண்டு சோதனை நடத்தினர். அத்தீவு மனிதர் செல்லத்தக்கதென அறிவிக்கப்பட்டது 1990இல்தான்! 2010ஆம் ஆண்டு வங்கதேசத்தில் நோயுற்ற மாடுகளை அறுத்தும், இறைச்சியைக் கையாண்டும் நூற்றுக்கணக்கானோர் இந்நோய்க்கு ஆளாயினர்.

உயிருள்ளபோது முறைப்படி அறுக்கப்பட்டது செத்த பிராணியாகாது என்பது மெய்யே. திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 3ஆம் வசனத்திலிருந்து இது விளங்கும். ஆனால் தீங்கு விளைவிப்பதென அறிந்த பொருளை உண்பதற்கும், பிறருக்கு விற்பதற்கும் மார்க்கத்தில் இடமில்லை. ஒருவருக்கொருவர் தீங்கிழைத்தல் கூடாதென்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஈரமான தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து வைத்த வணிகரையே கண்டித்த பெருமானார், நோயை மறைத்து இறைச்சி விற்பதை ஏற்பார்களா? நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு சேர்க்கலாகாதென்றும் அவர்கள் தடுத்துள்ளார்கள்.

ஆகவே, ஐயத்திற்குரிய மாட்டை அறுக்காதீர். இறந்ததன் தோலை உரிக்காதீர். உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். 1962 என்னும் தொலைபேசி எண் இதற்கென்றே உள்ளது. தொற்றுநோயை அறிவிப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளரின் கடமையுமாகும். சடலத்தைச் சுண்ணாம்பிட்டு ஆழக் குழியில் புதைத்தல் வேண்டும். அதைத் தொட்டவர் உடலில் கறுத்த புண் தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனை செல்க. தொடக்கத்திலேயே மருந்தளித்தால் குணமாகும். நோய் கண்ட பகுதிகளில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதே சிறந்த காவல். 1932இல் நிறுவப்பெற்ற இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அத்தடுப்பூசியைத் தயாரித்து வருகிறது.

இன்னொன்றும் உண்டு. மாட்டை இழந்த ஏழையை நோக்கி, "புதைத்துவிடு" என்று சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பினால், அடுத்தவர் நோயை மறைக்கவே செய்வார். அவருடைய இழப்பில் ஜமாஅத்தாரும் அண்டை வீட்டாரும் ஸதக்காவால் பங்கேற்பின், உண்மையைச் சொல்லும் துணிவு பிறக்கும். ஒருவர் இழப்பைப் பலர் தாங்குவது எளிது. ஒருவர் மறைத்த நோயை ஊரே தாங்குவது அரிதன்றோ!

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும், நம்மை நம்பி வாழும் வாயில்லா உயிர்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.