ட்ரிகருக்குப் போட்ட பூட்டு



பூட்டைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம்ம ஊர்ப் பூட்டு. எங்க அப்பா ஒரு பட்டறையில் லீவரை அரத்தால் ராவுகிறவர். பீஸ் கணக்கில் கூலி. நோட்டில் ஒரு வரி விட்டுப் போனால் சனிக்கிழமை கையில் வருவது குறையும். அதனால்தான் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மைஎஸ்க்யூஎல்-லில் பீஸ் கணக்கை எடுத்துக் கொண்டேன்.

ட்ரிகர் என்றால் என்ன? டேபிளில் ஒரு வரி ஏறியதும் டேட்டாபேஸ் தானாகச் செய்யும் வேலை. 2005-ல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.0 முதல் இந்த வசதி உண்டு. பட்டறையில் மாதத்துக்கு ஒரு நோட்டு போடுவார்கள். நானும் அதேபோல் மாதத்துக்கு ஒரு கூலி டேபிள் போட்டேன். வேலை டேபிளில் வரி ஏறியதும், அந்த மாதத்தின் பெயரை ஒட்டி ஓடும்போதே எஸ்க்யூஎல் வாக்கியம் தயாரிக்கும்படி ட்ரிகர் எழுதினேன். இதுதான் டைனமிக் எஸ்க்யூஎல். வந்தது பிழை எண் 1336: ட்ரிகருக்குள் இதற்கு அனுமதி இல்லை!

ஸ்டோர்டு ப்ரொசீஜரில் இது செல்லும் என்று படித்து, அதில் எழுதி ட்ரிகரிலிருந்து அழைத்தேன். அப்பவும் அதே பிழை.

ஏன் இப்படி? ட்ரிகர் தொடப் போகும் டேபிள்களையெல்லாம் மைஎஸ்க்யூஎல் வேலை தொடங்கும் முன்பே திறந்து லாக் செய்து கொள்கிறது. டேபிள் பெயரே கடைசி நேரத்தில்தான் தெரியும் என்றால் எதை லாக் செய்வது? போஸ்ட்கிரெஸ் இதை அனுமதிக்கிறது; மைஎஸ்க்யூஎல் அனுமதிப்பதில்லை.

நான் பார்த்த வழிகள் மூன்று.

ஒன்று: ட்ரிகருக்குள் கேஸ் போட்டு 12 மாதத்துக்கும் 12 வாக்கியம் நேரடியாக எழுதுவது. ஓடும். ஆனால் புது டேபிள் சேரும்போதெல்லாம் ட்ரிகரைத் திருத்தணும்.

இரண்டு: ட்ரிகர் ஒரு காத்திருப்பு டேபிளில் மட்டும் வரி போடட்டும். நிமிடத்துக்கு ஒரு முறை ஈவென்ட் ஷெட்யூலர் ஒரு ப்ரொசீஜரை ஓட்டி, டைனமிக் வாக்கியத்தை அங்கே நிறைவேற்றி, 'முடிந்தது' என்று குறிக்கட்டும். கணக்கு ஒரு நிமிடம் பிந்தும், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: கேள்விக்குறி போட்டு மதிப்பைத்தான் தரலாம், டேபிள் பெயரைத் தர முடியாது. பெயரை ஒட்டித்தான் ஆகணும். எனவே அனுமதித்த பெயர்ப் பட்டியலோடு ஒப்பிடாமல் ஒட்டாதீர்கள். இல்லையென்றால் யாரும் எதையும் உள்ளே நுழைக்கலாம்.

மூன்று: டேபிள்களையே ஒன்றாக்குவது. ஒரே கூலி டேபிள், அதில் ஒரு தேதிக் காலம், அதன்மேல் ஒரு இன்டெக்ஸ். டேபிள் பெயர் மாறாததால் ட்ரிகரில் சாதாரண வாக்கியமே போதும்.

நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன். காகித நோட்டை அப்படியே டேபிளாக்கியதுதான் என் தவறு. ப்ராஜெக்ட் செய்யப் போகும் தம்பி தங்கைகளே, பிழை 1336 வந்தால் சுற்று வழி தேடுமுன் டேபிள் அமைப்பை ஒரு தடவை பாருங்கள். அமைப்பை மாற்ற முடியாத இடத்தில் இரண்டாவது வழி கை கொடுக்கும்.

முடித்த அன்று அப்பாவிடம் திரையைக் காட்டினேன். ட்ரிகர், டேபிள் எதுவும் அவர் கேட்கவில்லை. "செவ்வாக்கிழமை நாப்பது பீஸு ஏறியிருக்காப்பா?" என்றார்.

ஏறியிருந்தது.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை