வெடுக்கென்று நிற்கும் மின்சாரம்

முழு வேகத்தில் தண்ணீர் வரும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொம்' என்று ஓர் அடி கேட்கும். மெல்ல மூடினால் கேட்காது. மின்னோட்டத்தையும் இப்படி வெடுக்கென்று நிறுத்தலாம், அதுவும் நொடிக்குப் பத்துக் கோடி முறை. 'காம்ப் ஜெனரேட்டர்' என்ற சின்னப் பெட்டிக்குள் நடப்பது அதுதான்.

உள்ளே போவது 100 மெகாஹெர்ட்ஸில் ஆடும் ஒரே ஓர் அலை. வெளியே வருவதை, அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் பார்த்தால் 100, 200, 300 என்று சம இடைவெளியில் கோடுகள், சீப்பின் பற்களைப் போல. திரும்பத் திரும்ப வரும் எந்த வடிவத்தையும் அடிப்படை அதிர்வெண், அதன் இருமடங்கு, மும்மடங்கு எனப் பிரிக்கலாம் என்பது ஃபூரியேயின் கணிதம். வழவழப்பான அலைக்கு ஒரே கோடுதான். பெட்டியிலிருந்து வரும் மின்துடிப்பு குறுகக் குறுகப் பற்களின் வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரு நொடியை ஆயிரம் கோடியாகக் கூறுபோட்டு, அதில் ஒரு கூறு மட்டும் நீடிக்கும் துடிப்பு ஏறத்தாழ 10 கிகாஹெர்ட்ஸை எட்டும். (தம்புராவின் குதிரையில் நூலைச் செருகியதும் மேல்சுரங்கள் எழுகின்றனவே, அதுவும் ஒருவகையில் இந்தக் குடும்பம்தான். சி.வி. ராமன் 1921-இல் அதை ஆராய்ந்தார்.)

குழாயை அத்தனை வேகமாக மூடுவது யார்? ஸ்டெப் ரிகவரி டயோடு. சாதாரண டயோடு எதிர்த்திசை மின்சாரத்தைத் தடுத்துவிடும். இதுவோ முன்னோக்கி ஓடியபோது சேர்த்த மின்னூட்டம் தீரும்வரை எதிர்த்திசையிலும் ஓடவிடும். கடைசித் துளி தீர்ந்த கணத்தில் ஓட்டம் பட்டென்று அறுபடும். தொடரில் இருக்கும் கம்பிச்சுருள் அந்த அறுபடலைப் பொறுக்காமல் கூர்மையான மின்னழுத்தத் துடிப்பாகத் தெறிக்கும். பாஃப், மோல், ஷென் ஆகியோர் 1960-இல் இந்த விளைவை அறிவித்தார்கள்.

மின்கருவிகள் கசியவிடும் ரேடியோ இரைச்சலை அளக்கும் சோதனைக்கூடங்களில் இந்தப் பெட்டிக்குத் தினமும் வேலை உண்டு. காலையில் அதை மேசையில் வைத்து அளந்து, பழைய அளவோடு ஒப்பிடுவார்கள். எல்லாப் பற்களும் ஒன்றாகக் குட்டையானால் பெருக்கியைப் பார்க்க வேண்டும். மேல் அதிர்வெண் பற்கள் மட்டும் தேய்ந்திருந்தால் கேபிளில்தான் சந்தேகம். சோதனைக்கு வந்த பொருளைக் குறைசொல்லும் முன் கூடத்தையே சோதித்துக்கொள்ளும் இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பற்களை நெருக்கினால் விலை உண்டு. அதே துடிப்பை 100-க்குப் பதில் 1 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் தந்தால், ஒவ்வொரு பல்லின் ஆற்றலும் பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். ரேடியோ வானியலாளர்களுக்கு அந்த மெலிவே வசதி. தொலைதூர விண்மீன்திரளின் மெல்லிய குரலை அமுக்காமல், ஏற்பிக்குள் 1 மெகாஹெர்ட்ஸ் சீப்பைக் கலந்து, கேபிளும் ஏற்பியும் அலையை எவ்வளவு தாமதப்படுத்துகின்றன என்று பார்க்கிறார்கள். வெவ்வேறு கண்டங்களில் நிற்கும் தொலைநோக்கிகளை இப்படித் திருத்தி இணைத்துத்தான், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் நிலத்தட்டுகளின் வேகத்தை அளந்திருக்கிறார்கள்.