நான்கு கிலோமீட்டருக்குள் தமிழ்

சிங்கப்பூரில் காதலைச் சொல்வதற்கென்று தனி வழி ஒன்று உண்டு. "நாம் சேர்ந்து வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டால் திருமணம் பாதி முடிந்த மாதிரிதான். பட்டச் சுருள் கைக்கு வருவதற்கு முன்பே பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்ட இணைகள் நம்மிடையே பலர். எத்தனை அறைகள், எம்ஆர்டி நிலையம் எவ்வளவு தூரம், பிற்காலத்தில் என்ன விலைக்குப் போகும் என்றெல்லாம் அலசி ஆராய்கிறோம். அந்த வீட்டில் வளரப்போகும் நம் பிள்ளையின் காதில் தமிழ் விழுமா என்ற கேள்வி மட்டும் நம் பட்டியலில் ஏனோ இடம்பெறுவதில்லை.

அன்று தெருவே தமிழ் பேசியது

நம் தாத்தா பாட்டி காலத்தில் இக்கேள்விக்கு அவசியமே இருக்கவில்லை. வேலை எங்கேயோ அங்கே வீடு. வீடு எங்கேயோ அங்கே உறவும் கோயிலும் பள்ளியும். செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றித் தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். சிராங்கூன் சாலை வட்டாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தஞ்சோங் பகாரில் கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்தன. அச்சமூகத்தினர் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) உருவான பிறகு கம்பங்களும் கடைவீடுகளும் காலியாயின. குடும்பங்கள் புதுநகர்களுக்குப் பிரிந்து சென்றன. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். நாட்டின் கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று அப்பெயர் ஒரு தமிழ் மொழி நிலையத்தின் பெயராக நிலைத்திருக்கிறது.

ஒதுக்கீடு எப்படிச் செயல்படுகிறது?

புதுநகர்களிலும் அந்தந்த இனத்தவர் ஒன்றாகத் திரளத் தொடங்கியதைக் கண்ட அரசாங்கம், 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. ஒவ்வோர் அக்கம்பக்க வட்டாரத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் ஓர் இனத்தவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு அது உச்சவரம்பு விதித்தது. இந்தியர்களும் மற்ற சிறு இனத்தவரும் ஒரே பிரிவாகக் கணக்கிடப்படுகின்றனர். 2010இல் இப்பிரிவின் வரம்பு வட்டாரத்துக்கு 12 விழுக்காடாகவும் புளோக்குக்கு 15 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது.

நம் வரம்பு நிரம்பிய புளோக்கில் மறுவிற்பனை வீடு வாங்க விரும்பும் இந்தியர், அதே பிரிவைச் சேர்ந்த விற்பனையாளரிடம் மட்டுமே வாங்கலாம். பிடிஓ வீடுகளிலும் நம் வரிசை எண் வருவதற்குள் நம் பிரிவின் பங்கு தீர்ந்துவிட்டால் வீடு கிடைக்காது. விற்கும்போதும் சிக்கல் வரலாம். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் உள்ள இந்தியர், சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் குறையலாம். எனவே வீடு பார்க்கப் போகும் முன் வீவக இணையத்தளத்தில் அந்த புளோக்கின் நிலவரத்தைப் பாருங்கள். அது மாதந்தோறும் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது.

1964இல் இனக் கலவரங்களைக் கண்ட நாடு இது. எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கி வளர்வதன் அருமையை நாம் மறுக்க முடியாது. ஆனால் அதற்குரிய விலையை மொழி கொடுக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

எண்கள் சொல்லும் செய்தி

நூறு வீடுகள் உள்ள ஒரு புளோக்கை எடுத்துக்கொள்வோம். அதில் நம் பிரிவுக்கு அதிகபட்சம் 15 வீடுகள். அவற்றில் மலையாளிகள், பஞ்சாபியர், இந்தி பேசுவோர், யுரேஷியர் எல்லாரும் அடக்கம். தமிழ்க் குடும்பங்களிலும் ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்டவை பல.

2000இல் சுமார் 4 மில்லியனாக இருந்த நம் மக்கள்தொகை 2024இல் 6 மில்லியனைத் தாண்டியது. குடிமக்கள், நிரந்தரவாசிகளில் இந்தியர் விகிதமும் 2000இல் 7.9 விழுக்காடாக இருந்து 2020இல் 9 விழுக்காடானது. ஆனால் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்தியர் பெருகினால் தமிழும் பெருகும் என்று நம்பியிருப்பது தவறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தூரத்தைப் பாருங்கள்

அப்படியானால் தமிழர் நிறைந்த வட்டாரத்தைத் தேடிப் போகலாமா? அப்படியொரு வட்டாரம் உருவாக ஒதுக்கீடே இடம் தராது. தேக்காவும் நாம் சென்று வரும் இடம்தான். பெரும்பாலோர்க்குக் குடியிருக்கும் இடமன்று. நம் கையில் இருப்பது தூரம் மட்டுமே. மூன்று தூரங்களை அளந்து பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, தாத்தா பாட்டி வீட்டுக்கு உள்ள தூரம். என் அக்காமார் இருவரில் ஒருவர் அம்மா வீட்டுக்கு இரண்டு புளோக் தள்ளி வசிக்கிறார். மற்றவர் ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கிறார். இருவர் பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள்; இருவருக்கும் வாய்த்த ஆசிரியர்கள் நல்லவர்களே. ஆனால் ஒருவன் "பாட்டி, பசிக்குது" என்கிறான். மற்றவனுக்குப் பாட்டி சொல்வது புரிகிறது; பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. அப்போதெல்லாம் அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிடுவார். பெற்றோருக்கு அருகில், அதாவது 4 கிலோமீட்டருக்குள், மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. அவர்களுடன் சேர்ந்து வசித்தால் 30,000 வெள்ளி. புதிய வீடுகளுக்கான குலுக்கலிலும் முன்னுரிமை உண்டு.

இரண்டாவது, தமிழ் கற்பிக்கும் பள்ளிக்கு உள்ள தூரம். தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் இடத்துக்குப் போட்டி வந்தால், 1 கிலோமீட்டருக்குள் வசிப்போருக்கு முன்னுரிமை கிடைக்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் இல்லை. எல்லாப் பாலர் பள்ளிகளிலும் இல்லை. வீட்டு முகவரியை முடிவு செய்வதற்கு முன்பே, அருகிலுள்ள பள்ளிகளில் எவற்றில் தமிழ் உண்டு என்று விசாரித்துவிடுங்கள்.

மூன்றாவது, தமிழர் கூடும் இடத்துக்கு உள்ள தூரம். அது கோயிலாகவோ பள்ளிவாசலாகவோ தேவாலயமாகவோ நூலகமாகவோ சமூக மன்றமாகவோ இருக்கலாம். கடற்படைத் தளத்தில் தோன்றிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இன்று ஈசூனில் இருக்கிறது. மக்கள் இடம் மாறியபோது கோயிலும் உடன் வந்தது. நாம் போய் நிற்கும் வரையில்தான் அத்தகைய இடங்கள் நிலைக்கும்.

நண்பர்களே, விலை, வசதி, வேலை ஆகியவற்றை மறந்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லவில்லை. கடன் கட்டப்போவது நாம்தான். ஆனால் அடுத்த முறை இருவருமாக அமர்ந்து வரைபடத்தைப் பார்க்கும்போது, எம்ஆர்டி நிலையத்துக்கு அளக்கும் அதே விரலால் பாட்டி வீட்டுக்கும் அளந்து பாருங்கள்.