ஒற்றைப் பெட்டியும் ஓட்டு வீடும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டிவி வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் இப்போதெல்லாம் தவறாமல் கேட்பது, "கூடவே ஒரு சவுண்ட் பாரும் போட்டுரலாமா?" என்பதுதான். ஆறு பெட்டி வாங்க வேண்டாம், சுவரோரம் வயர் இழுக்க வேண்டாம். டிவிக்குக் கீழே ஒரே பெட்டி இருந்தால் போதும், ஹெலிகாப்டர் தலைக்கு மேலே பறக்கும், மழை முதுகுக்குப் பின்னால் பெய்யும் என்கிறார்கள். பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அது எவ்வளவு தூரம் பலிக்கும் என்பது பெட்டி போய் உட்காரும் வீட்டைப் பொறுத்தது.

மனிதனின் இரு காதுகளுக்கும் இடையே ஏறத்தாழ 18 செ.மீ. தூரம். இடப்பக்கத் தோப்பில் தேங்காய் விழுந்தால், அந்தச் சத்தம் இடக்காதைத் தொட்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகுமுன் வலக்காதுக்கும் வந்துவிடும். அந்த நூலளவு இடைவெளியை வைத்தே மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. சத்தம் மேலிருந்து வந்ததா, பின்னாலிருந்து வந்ததா என்று சொல்ல உதவுவது காது மடலின் மடிப்புகள். கண்ணை மூடிக்கொண்டு, மடல்களை விரலால் மடக்கிப் பிடித்தபடி, யாரையாவது மேலும் கீழுமாகச் சாவிக்கொத்தைக் குலுக்கச் சொன்னால் இது புரியும். உயரம் சட்டென்று பிடிபடாது.

ஒற்றைப் பெட்டிகள் ஏமாற்றுவது இந்த மூளைக் கணக்கைத்தான். அதற்கு வழி காட்டியவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த பிஷ்ணு அடல் 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே மான்ஃப்ரெட் ஷ்ரோடரோடு சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: இட ஸ்பீக்கரின் ஒலி இடக்காதுக்கு மட்டும் போவதில்லை, தலையைச் சுற்றி வலக்காதுக்கும் கசிகிறது. அந்தக் கசிவை அழிக்கும் எதிர் ஒலியை வல ஸ்பீக்கரிலிருந்து அனுப்பினால்? ஸ்பீக்கரே இல்லாத பக்கவாட்டிலிருந்து சத்தம் வருவதாகத் தோன்றும். 1966இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பேச்சைச் சுருக்கி அனுப்பும் நுட்பத்தில் அடல் பின்னாளில் செய்த வேலை செல்போன் வரைக்கும் வந்து சேர்ந்தது.

இந்த வழியில் ஒரு குறை. கேட்பவர் நட்டநடுவில் அசையாமல் இருக்க வேண்டும். சோபாவில் மூன்று பேர், தரையில் பாய் விரித்து நான்கு பேர் என்று படம் பார்க்கும் வீட்டில் அந்தச் சுகம் ஒருவருக்கே வாய்க்கும்.

இரண்டாவது வழி, சுவரில் மோதித் திருப்புவது. 2005 வாக்கில் யமஹா கொண்டுவந்த நீளப் பெட்டியில் 40 குட்டி ஸ்பீக்கர்களும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இருந்தன. அவை ஒலியைக் கற்றையாக்கி, கேரம் போர்டில் ஸ்டிரைக்கரை ஓரக்கட்டையில் அடித்துத் திருப்புவது போல, பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் மோதவிட்டுக் கேட்பவரின் முதுகுப்பக்கம் கொண்டுவந்தன. 2012இல் டால்பி நிறுவனத்தின் அட்மாஸ் ஒலிமுறை வந்தபோது கூரையும் கணக்கில் சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 'சிவாஜி' 3டி அட்மாஸில் வெளியானது. தியேட்டரில் அட்மாஸுக்கு 64 ஸ்பீக்கர் வரை வைக்கலாம். வீட்டிலோ மேல்நோக்கிப் பார்க்கும் ஒரு ஸ்பீக்கர் கூரையில் ஒலியை எறிகிறது. 2019இல் வந்த அமேசான் எக்கோ ஸ்டுடியோ ஒற்றை உருளைதான். அதற்குள் ஐந்து ஸ்பீக்கர்கள், அதில் ஒன்று மேலே பார்த்தபடி.

எறிந்த ஒலி திரும்பி வர மட்டமான கூரை வேண்டும். 7½ அடி முதல் 12 அடி உயரம் வரை இருப்பது நல்லது என்கிறது டால்பி. புதிதாகக் கட்டும் கான்கிரீட் வீடுகள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். இரண்டு பருவமழையும் அடித்துப் பெய்யும் குமரி மாவட்டத்தின் பழைய வீடுகள் வேறு ரகம். பத்மநாபபுரம் அரண்மனையில் பார்க்கும் அதே சரிவு, மேலே ஓடு, அடியில் அதைத் தாங்கும் கழுக்கோல்கள். அந்தச் சரிவில் பட்ட ஒலி வேறெங்கோ போய்ச் சிதறும், இருக்கைக்கு வராது. மரப்பலகையால் மட்டமாகத் தட்டடித்த அறையானால் தேவலை.

கான்கிரீட் வீட்டுக்கும் சங்கடம் உண்டு. ஹாலின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சாப்பாட்டு அறையை நோக்கித் திறப்பு என்று இருந்தால் ஒரு கற்றை மோதித் திரும்பும், மற்றது அடுக்களைக்குப் போய்விடும். வழவழப்பான டைல்ஸும் வெறும் சுவரும் எதிரொலியைக் கூட்டி வசனத்தைக் குழப்பும். திரைச்சீலை போட்டால் எதிரொலி அடங்கும், ஆனால் கற்றை மோதும் இடத்தை அது மூடினால் பின்பக்க ஒலியும் சேர்ந்து அடங்கும். ஆகவே தரையில் விரிப்பும், ஜன்னலில் மட்டும் துணியுமாக வைத்துக்கொள்வதே நல்லது. நடு ஹாலில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். சத்தம் 'டிர்ர்' என்று இழுத்தால் விரிப்பு அவசியம்.

அடித்தொனியில் எந்த மாயமும் பெரிதாக எடுபடாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலையே எட்டு மீட்டருக்கு மேல் நீளம். அவ்வளவு காற்றை அசைக்கச் சின்னப் பெட்டிக்குத் தெம்பில்லை. வில்லுப்பாட்டுப் பதிவொன்றைப் போட்டுக் கேட்டால் வில்மணி துல்லியமாக இருக்கும், குடத்தின் 'கும்' சப்பென்று போகும். தனி சப்வூஃபர் ஒன்றே அதற்கு மருந்து.

வாங்குமுன் டிவியின் பின்புறத்தையும் பார்த்துவிட வேண்டும். ஆப்டிகல் வயர் வழியே அட்மாஸ் வராது, எச்டிஎம்ஐ ஆர்க் அல்லது இ-ஆர்க் துளை வேண்டும். கடையில் சண்டைக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவார்கள். மெல்லப் பேசும் காட்சி ஒன்றைக் கேட்டு வாங்கி, நடுவில் உட்காராமல் ஓரமாக உட்கார்ந்து கேட்பது நல்லது. ஓட்டு வீட்டுக்காரர்கள் மேல்நோக்கும் ஸ்பீக்கருக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் பின்னால் வைக்க இரண்டு சிறு வயர்லெஸ் ஸ்பீக்கர் சேரும் மாடலாகப் பார்த்து வாங்கலாம்.