குப்பம்மாள், பிச்சை: பழைய பெயர்களுக்குள் ஒரு தாயின் அச்சம்

குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள்... பாட்டன் பாட்டியின் பழைய பத்திரங்களைப் புரட்டும் இன்றைய பிள்ளைகள் இப்பெயர்களைக் கண்டு சிரிப்பதுண்டு. "இப்படியுமா பேர் வைப்பாங்க?" என்று கேட்பதும் உண்டு. ஆனால் அந்தப் பெயர்களை விளையாட்டாகவோ விவரம் தெரியாமலோ யாரும் வைக்கவில்லை.

பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீடுகளில், அடுத்துப் பிறக்கும் குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுக்கும் வழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. சில வீடுகளில் குழந்தையை அண்டை வீட்டுக்காரரிடம் கொடுத்து, ஒரு பிடி தவிட்டுக்கு விலைக்கு வாங்குவதுபோல் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். "இது யாருக்கும் வேண்டாத பிள்ளை" என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. குப்பன், குப்பம்மாள் என்ற பெயர்கள் அப்படி வந்தவை. சாமியிடம் மடிப்பிச்சை கேட்டுப் பெற்ற பிள்ளை பிச்சை ஆனது. ஆகவே அவை பிள்ளையை இழிவுபடுத்தும் பெயர்கள் அல்ல, அதன் உயிரைக் காக்க வைத்த காவல் பெயர்கள்.

இந்த அச்சம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. நாய்க்குட்டி என்பது போன்ற செல்லப்பெயரால் குழந்தையை அழைத்து, தீய ஆவிகளின் கண்ணிலிருந்து மறைக்கும் பழக்கம் சீனர்களிடமும் இருந்தது. துருக்கியில் 'துர்சுன்' என்று ஒரு பெயர் உண்டு. "இவனாவது தங்கட்டும்" என்பது அதன் பொருள். முன் பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அதை விரும்பி வைத்தார்கள்.

காவல் பெயர் வேறு, சுமைப் பெயர் வேறு

எல்லாப் பழைய பெயர்களையும் போற்றிவிட முடியாது. பெண் குழந்தைகள் வரிசையாகப் பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயர் வைத்தார்கள். துருக்கியிலும் 'போதும்' என்று பொருள்படும் 'யெத்தெர்' என்ற பெயரைப் பெண்களுக்கு வைப்பதுண்டு. மகாராஷ்டிராவில் அதற்கு 'நக்குசா', அதாவது வேண்டாதவள் என்று பெயர். அங்குள்ள சத்தாரா மாவட்டத்தில் 2011-ஆம் ஆண்டு விழா எடுத்து, அந்தப் பெயரைச் சுமந்த 280-க்கும் மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். கூப்பிடும்போதெல்லாம் "நீ வேண்டாதவள்" என்று சொல்லும் பெயர் ஒரு பிள்ளையின் மனத்தை என்ன செய்யும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பெயரைத் தாங்குபவனே பேரன்

தமிழில் 'பேரன்' என்ற சொல்லே பெயரிலிருந்து பிறந்தது. பெயரன் என்பது பேரன் ஆனது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். பேத்தியும் அப்படியே, பெயர்த்தியிலிருந்து வந்தவள். கிரேக்கர்களும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை வைப்பதை இன்றும் மரபாகக் கொண்டிருக்கிறார்கள். முனியாண்டி, கருப்பையா, மாரியாயி, பேச்சியம்மாள் போன்ற பெயர்கள் ஊர்க்காவல் தெய்வங்களின் பெயர்கள். கப்பலேறி வந்த நம்மவர்கள் அந்தத் தெய்வங்களுக்குத் தோட்டத்தில் கோயில் எழுப்பியதோடு பிள்ளைகளின் பெயரிலும் இடம் கொடுத்தார்கள்.

மலாய் அண்டை வீட்டாரின் பெயர்களிலும் நமக்குப் பழக்கமான ஒலிகள் கேட்கும். 'அப்துல்', 'முகமது' ஆகியவை அரபு மொழியிலிருந்து வந்தவை. புத்ரி, கெசுமா, மெலாத்தி, சூரியா ஆகியவற்றின் வேர் சமஸ்கிருதம். கெசுமா நமக்குத் தெரிந்த குசுமம், அதாவது பூ. மெலாத்தி என்பது மாலதி, மலாய் மொழியில் மல்லிகை.

காதில் விழுந்ததே எழுத்தானது

சீனர்களின் ஒரே குடும்பப் பெயர் ஹொக்கியன் வீட்டில் டான், கந்தோனிஸ் வீட்டில் சான், மாண்டரினில் சென். எழுத்து ஒன்றுதான், பேச்சுமொழிக்கு ஏற்ப ஒலி மாறியது. நமக்கும் அதேபோல் ஒன்று நடந்தது. தோட்டத்துக் கிராணியோ பதிவு அலுவலரோ காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார்கள். அதனால்தான் லட்சுமி பத்திரத்தில் லெட்சுமி ஆனார். அண்ணன் தம்பி இருவரின் பத்திரத்தில் ஒரே தந்தையின் பெயர் இரண்டு விதமாக இருக்கும் வீடுகளும் உண்டு. சொத்து மாற்றம், சேமநிதி, கடப்பிதழ் என்று வரும்போதுதான் அந்த ஒரு எழுத்தின் விலை தெரியும்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு மற்றொரு சிக்கல், பாரத்தில் உள்ள 'குடும்பப் பெயர்' என்ற கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர்தான் உண்டு. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பவை இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று மட்டுமே சொல்கின்றன. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. 'பின்', 'பிந்தி' சொல்வதும் அதையே. ஐஸ்லாந்து மக்களில் பெரும்பாலோர் இன்றும் தந்தை பெயரோடு மகன், மகள் என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுகிறார்கள். ஆங்கிலேயரின் ஜான்சனும் ஒரு காலத்தில் ஜானின் மகன்தான்.

பெற்றோர் கவனிக்க

தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் மூன்று வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

முதலாவது, பெயரின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். எண் கணிதப்படி எழுத்துகளைக் கூட்டுவதாக இருந்தாலும், ஆசிரியர் வகுப்பில் தடுமாறாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, தாய் தந்தை அடையாளக் கார்டில் உள்ள எழுத்துகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பத்திரத்தை வாங்கியதும், முகப்பை விட்டு நகரும் முன் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.

மூன்றாவது, வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். குப்பம்மாளுக்கு முன் பிறந்து இறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் போகலாம். அவருடைய வாய்மொழியில் மட்டுமே அது இருக்கும்.